ரோட்டைப் பார்த்து நின்ற கார்

அத்தை வீட்டுக்குப் போகிறவர்கள் செருப்பைக் கழற்றியதும் அப்படியே உள்ளே நுழைந்துவிட முடியாது. திரும்பி நின்று, செருப்பின் முன்பக்கம் தெருவைப் பார்க்கிற மாதிரி வைத்துவிட்டுத்தான் போக வேண்டும். தெரியாமல் நுழைந்தவர்களின் செருப்பை அத்தையே குனிந்து திருப்பி வைத்துவிடுவார். தபால்காரர், கிராம சேவகர், கல்யாணக் கார்டு கொண்டுவந்த சொந்தக்காரர், யாரையும் விட மாட்டார். எங்கள் அப்பாவே ஒருமுறை, "ஏன் தங்கச்சி, வந்த ஒடனேயே போகச் சொல்றியா?" என்று கேட்டார்.

"இல்லண்ணே. ஓட வேண்டி வந்தா காலை நுழைச்ச ஒடனே ஓடலாமில்ல" என்றார் அத்தை. சிரிக்காமல் சொன்னார். கேலி பண்ணத் தொடங்கிய அப்பாவும் வாயை மூடிக்கொண்டார்.

மாத்தளையில் ஒரு பள்ளிக்கூடத்தில் எனக்கு வேலை கிடைத்தபோது அத்தை வீட்டில்தான் தங்கினேன். மாமா போய்ச் சேர்ந்து பல வருஷம் ஆகியிருந்தது. பிள்ளைகள் இல்லை. மெயின் ரோட்டிலிருந்து சரிவாக மேலே ஏறுகிற சந்தில் வீடு. முதல் நாள் என் பெட்டியை ஏற்றிக்கொண்டு வந்த ஆட்டோக்காரரிடம் அத்தை சொன்ன முதல் வார்த்தையே, "தம்பி, வண்டியத் திருப்பி நிப்பாட்டிட்டு சாமான எறக்குங்க" என்பதுதான். அவர் என்னைப் பார்த்தார். நான் என் பெட்டியைப் பார்த்தேன். சரிதான், நல்ல இடத்தில் வந்து மாட்டிக்கொண்டோம் என்று நினைத்தேன்.

கேற்றுக்குப் பக்கத்தில் ஒரு தகரக் கொட்டகை. அதற்குள் மாமாவின் பழைய இங்கிலீஷ் கார், சாம்பல் நிறம், மூக்கு ரோட்டைப் பார்த்து, சரிவில் இறங்கத் தயாராக நிற்கும். பின் சக்கரத்துக்கு ஒரு கருங்கல் அண்டை கொடுத்திருக்கும். டிக்கியில் ஒரு பை. அதில் பிறப்புச் சான்றிதழ், காணி உறுதி, ரெண்டு சேலை, தண்ணீர்ப் போத்தல், கிரீம் கிரெக்கர் பெட்டி. பிஸ்கட் நமுத்துப் போவதற்கு முன்னால் புதுப் பெட்டி வைத்துவிட்டு பழையதை எனக்குத் தேநீரோடு தருவார். அத்தை வீட்டில் இருந்த காலமெல்லாம் நான் தின்றது தப்பி ஓடுவதற்காக வாங்கிய பிஸ்கட்டைத்தான்.

காலையில் எழுந்து முகம் கழுவியதும் அத்தைக்கு முதல் வேலை சாமி கும்பிடுவது அல்ல. கார்ச் சாவியை எடுத்துக்கொண்டு கொட்டகைக்குப் போவார். கதவைத் திறந்து, உட்கார்ந்து, சாவியைப் பாதி திருப்புவார். உடனே பானட்டுக்குள்ளிருந்து ஒரு சத்தம் வரும். டிக் டிக் டிக் டிக். அந்தக் காலத்துக் கார்களில் பெற்றோலைத் தாங்கியிலிருந்து இழுத்துக் காபரேட்டருக்கு அனுப்புகிற கரண்ட் பம்பின் சத்தம் அது. கார் சும்மா நின்றால் காபரேட்டர் கிண்ணத்தில் இருக்கிற பெற்றோல் காய்ந்துபோகும். கிண்ணம் காய்ந்திருந்தால் என்ன முறுக்கினாலும் எஞ்சின் பிடிக்காது. அதனால் முதலில் பம்ப் வேகமாக அடித்துக் கிண்ணத்தை நிரப்ப வேண்டும். நிரம்ப நிரம்ப டிக் டிக் மெதுவாகும். டிக்... டிக்... பிறகு நின்றுவிடும். நின்றால் கிண்ணம் நிறைந்துவிட்டது, கார் போகத் தயார்.

அத்தை கண்ணை மூடிக்கொண்டு அதைக் கேட்பார். சத்தம் நின்றதும் ஒரு மூச்சு விடுவார். "சரி, நெறஞ்சிருச்சு" என்பார். சாவியை எடுத்துக்கொண்டு இறங்கி வந்து தேநீர் போடுவார். சில நாள் எஞ்சினையும் ஸ்டார்ட் பண்ணிக் கொஞ்சம் உறுமவிட்டு அணைப்பார். அவ்வளவுதான். அந்தக் கார் கொட்டகையை விட்டு வெளியே போனதை நான் பார்த்ததில்லை.

"கல்யாணத்துக்குப் போகலாமே அத்தை, கார்ல" என்று ஒருமுறை சொன்னேன். பட்டுச்சேலையும் கட்டி, பஸ்ஸுக்கு நின்று, கம்பியைப் பிடித்துத் தொங்கிக்கொண்டு போக எனக்கு எரிச்சலாக இருந்தது.

"பெற்றோல் கொறைஞ்சிருமே புள்ள."

"திரும்பி வரும்போது அடிச்சிட்டு வரலாம்."

"திரும்பி வர்றதுக்குள்ள ஏதாச்சும் ஆயிட்டா?"

ஏதாச்சும் என்றால் என்ன என்று நான் கேட்கவில்லை. பஸ்ஸில்தான் போனோம். கல்யாண வீட்டில் பந்தியில் உட்கார்ந்தபோதும் அத்தை வாசல் தெரிகிற கதிரையாகப் பார்த்துத்தான் உட்கார்ந்தார்.

கார் பார்க்க வருகிற பாஸ் ஒருவர் இருந்தார். எங்கள் பக்கம் மெக்கானிக்கை பாஸ் என்றுதான் சொல்லுவோம். சிங்களவர், தமிழைத் தன் இஷ்டத்துக்கு வளைத்துப் பேசுவார். மூன்று மாதத்துக்கு ஒருமுறை பிளக்கைக் கழற்றிக் கரியைச் சுரண்டிவிட்டு அதே பல்லவியைப் பாடுவார். "நோனா, கார்க்கு ஒண்ணும் வியாதி இல்ல. ஓட்டுறது இல்ல, அதுதான் வியாதி. பெற்றோல் பழசு ஆவுது, பிசின் மாதிரி ஆவுது, உள்ள எல்லாம் ஒட்டுது. கிழமைக்கு ஒருதரம் தம்புள்ளைக்குப் போங்க, மரக்கறி வாங்கிட்டு வாங்க."

அத்தை தலையை ஆட்டுவார். அவர் போனதும், "அவருக்கென்ன, சொல்லிட்டுப் போயிருவாரு" என்பார். ஓட வேண்டும் என்பதற்காகவே ஓட்டாமல் வைத்து, ஓட்டாமல் வைத்ததாலேயே ஓடாமல் போய்க்கொண்டிருந்த கார் அது. இதைச் சொன்னால் என்னைச் சாப்பிடக் கூப்பிட மாட்டார் என்று நான் சொல்லவில்லை.

மாரியம்மன் தேர் அன்றைக்கு ஊரே ரோட்டில் நிற்கும். காவடியும் மேளமும் தண்ணீர்ப் பந்தலுமாக எங்கே பார்த்தாலும் சனம். நான் புதுச் சேலை கட்டிக்கொண்டு குதூகலமாகக் கிளம்பினால் அத்தைக்கு முகம் செத்துப்போயிருக்கும். ரோடு அடைத்திருக்கிறதே, கார் இறங்க வழியில்லையே, அதுதான் காரணம். தேர் எங்கள் சந்து முனையைக் கடக்கும்போது அத்தை தேங்காய்த் தட்டைக் கொடுத்துவிட்டு நின்று கும்பிடுவார். கூப்பிய கைகளுக்கு நடுவில் கார்ச் சாவி இருக்கும். மற்றவர்கள் தேர் வர வேண்டும் என்று நிற்பார்கள். அத்தை மட்டும் தேர் சீக்கிரம் போய்விட வேண்டும் என்று நிற்பார்.

எனக்கு அவரைப் பார்த்தால் முதலில் சிரிப்பு வந்தது. பிறகு கோபம் வந்தது. பயம் வந்தது அதற்கப்புறம்தான்.

எண்பத்தி மூன்றில், தமிழர் வீடுகளைத் தேடித் தேடி எரித்த கலவரத்தில் நடந்ததை அத்தை ஒரே மூச்சில் சொன்னதில்லை. வெங்காயம் உரிக்கும்போது ஒரு துண்டு, துணி மடிக்கும்போது ஒரு துண்டு என்று வந்ததை நான்தான் சேர்த்து வைத்துக்கொண்டேன். அப்போது அவர்கள் கீழே மெயின் ரோட்டுக்குப் பக்கத்தில் இருந்தார்கள். கல்யாணமாகிக் கொஞ்ச நாள். கார் வீட்டுக்குப் பின்னால் கொட்டகையில், மூக்கு சுவரைப் பார்த்து நின்றது. ரெண்டு மாதமாக எடுக்கவில்லை. கடைத்தெருப் பக்கம் புகை எழும்பியதும் மாமாவும் அத்தையும் ஓடிப்போய்க் காரில் ஏறினார்கள். மாமா சாவியைத் திருப்பினார். டிக் டிக் டிக் டிக்.

"நிக்கவே இல்ல புள்ள. அடிக்குது, அடிக்குது, நிக்கவே மாட்டேங்குது. பெற்றோல் வந்து சேரல. ஒங்க மாமா என் கையப் புடிச்சிக்கிட்டு, 'இரு, இப்ப நின்னுரும், இப்ப நின்னுரும்'ங்கறாரு. முன்னாடி கேற்ற ஒடைக்கிற சத்தம் கேக்குது. நான் அந்தச் சத்தத்தயும் கேக்குறேன், இந்தச் சத்தத்தயும் கேக்குறேன்."

கடைசியில் காரை அப்படியே விட்டுவிட்டுப் பின்சுவரில் ஏறிக் குதித்தார்கள். பின்வீட்டுச் சிங்கள அம்மா ஒன்றும் கேட்கவில்லை. கையைப் பிடித்து இழுத்துப்போய் மிளகு மூட்டை அடுக்கிய அறைக்குள் தள்ளி வெளியே பூட்டிவிட்டார். வீடு எரிந்தது. பின்னால் இருந்த கொட்டகைக்கு யாரும் போகவில்லை. கூட்டம் போய், எல்லாம் அடங்கிய பிறகு, மிளகு மூட்டைகளுக்கு நடுவில் மூக்கைப் பொத்திக்கொண்டு உட்கார்ந்திருந்த அத்தைக்கு அந்தச் சத்தம் கேட்டது. மாமா சாவியை எடுக்க மறந்திருந்தார். சுவருக்கு அந்தப் பக்கம் யாருமில்லாத காரில் பம்ப் அடித்துக்கொண்டிருந்தது.

"யாராச்சும் கேட்டுட்டா? 'கார் இங்க இருக்கு, ஆளும் இங்கதான் இருக்கும்'னு தேட வந்துட்டா? நின்னுரு, நின்னுருன்னு வேண்டிக்கிட்டேன். தும்மல் வேற வருது. பெட்டரி எறங்கித்தான் நின்னுச்சு. நின்ன பொறகுதான் எனக்கு மூச்சு வந்துச்சு."

இதைக் கேட்ட மறுநாள் காலையில் கொட்டகையிலிருந்து டிக் டிக் வந்தபோது நான் பல்விளக்கிக்கொண்டிருந்தேன். வாயில் நுரையோடு அப்படியே நின்றேன். சத்தம் நிற்கிற வரைக்கும் எனக்கும் மூச்சு வரவில்லை. அன்றிலிருந்து ஒவ்வொரு காலையும் அப்படித்தான். பயத்துக்குக்கூடக் கூட்டு வேண்டியிருக்கிறது போலும்; அத்தைக்கு நான் வாய்த்தேன்.

தேவாலயங்களில் குண்டு வெடித்த வருஷம், சில கிழமைகளுக்குப் பிறகு ஒரு பகல். அதற்குப் பழியாக முஸ்லிம் வீடுகளையும் கடைகளையும் அங்கங்கே அடித்து நொறுக்குவதாகச் செய்தி வந்துகொண்டிருந்தது. பள்ளிக்கூடத்தைப் பாதியில் விட்டுவிட்டார்கள். ஊரடங்கு போடப் போகிறார்கள் என்றார்கள். கடைகள் படபடவென்று இழுத்து மூடப்பட்டன. நான் சந்தில் ஏறி வரும்போது எல்லா வீட்டிலும் ஆட்கள் வாசலில் நின்று கீழே பார்த்துக்கொண்டிருந்தார்கள். எங்கள் சந்தில் ஒரே ஒரு முஸ்லிம் வீடு, எங்கள் வீட்டுக்கு நேர் எதிரே. அந்த வீட்டுக் கதவு மட்டும் மூடியிருந்தது.

அத்தை கேற்றடியில் நின்றார். கையில் சாவி.

எதிர்வீட்டுக் கதவு கொஞ்சமாகத் திறந்தது. அந்த வீட்டுப் பையன், கல்யாணமாகிக் கைக்குழந்தை இருக்கிற பையன்தான், எங்கள் கேற்றுக்கு ஓடிவந்தான். முகத்தில் இரத்தமே இல்லை.

"மாமி, கீழ இருந்து கூட்டம் வருதாம். கூட்டாளி போன்ல சென்னான். வாப்பா வேன எடுத்துட்டு தம்புள்ளைக்குப் போய் ஈக்காரு, வர ஏலாம ஈக்கு. ஆட்டோ ஒண்ணும் இல்ல. உம்மாக்கு காலு பத்துப் போட்டு ஈக்கே, நடக்க ஏலா. உக்குவளைக்கு சாச்சி வீட்டுக்குப் போய்ட்டா போதும்..."

அவன் கார் என்ற சொல்லைச் சொல்லவே இல்லை. சொல்லத் தைரியம் வரவில்லை. அந்தக் கார் யாருக்கும் தரப்படாதது என்று சந்துக்கே தெரியும். அத்தை இல்லை என்று சொல்லிவிடுவார் என்று பயந்தேன். சரி என்று சொல்லிவிட்டால் நாங்கள் என்ன செய்வோம் என்றும் பயந்தேன். ரெண்டு பயமும் ஒரே நேரத்தில் வந்தது, உண்மையைத்தான் சொல்கிறேன்.

அத்தை அவன் முகத்தையே பார்த்தார். பிறகு டிக்கியைத் திறந்து அந்தப் பையை எடுத்துத் தரையில் வைத்தார்.

"உம்மாவத் தூக்கிட்டு வா தம்பி. சீக்கிரம்."

உம்மாவைக் கதிரையோடு தூக்கிவந்து பின்சீட்டில் கால் நீட்டிக் கிடத்தினார்கள். அவர் வாய் ஓதிக்கொண்டே இருந்தது. அவன் மனைவி குழந்தையோடு முன்னால் ஏறினாள். அவன் ஸ்டியரிங்கில் உட்கார்ந்தான். அத்தை ஜன்னல் வழியாகக் கையை விட்டுத் தானே சாவியைத் திருப்பினார்.

டிக் டிக் டிக் டிக். வேகமாக அடித்தது. மெதுவானது. டிக்... டிக்... டிக்... ஆனால் நிற்கவில்லை. மெதுவாகவே அடித்துக்கொண்டிருந்தது. அத்தை என்னைப் பார்த்தார். அந்தப் பார்வையை நான் இன்றைக்கும் மறக்கவில்லை. வாழ்நாள் முழுக்க எதற்குப் பயந்தாரோ அது வந்து எதிரே நின்றது.

பெற்றோல் மணம் குப்பென்று அடித்தது. பானட்டைத் திறந்து பார்த்தால் காபரேட்டர் வழிந்துகொண்டிருந்தது. பாஸ் சொன்ன பிசின்தான். கிண்ணம் நிறைந்ததும் மூட வேண்டிய ஊசி ஒட்டிக்கொண்டு மூடவில்லை. ஒரு பொறி பட்டால் குழந்தையும் உம்மாவும் அதற்குள்ளேயே போய்விடுவார்கள்.

"சுவிட்ச நிப்பாட்டு! யாரும் நெருப்புக் குச்சி ஒரசிறாதீங்க!" அத்தை கத்தினார். அவர் அப்படிக் கத்தி நான் கேட்டதே இல்லை. "புள்ள, அகப்பைய எடுத்துட்டு ஓடியா!"

நான் ஓடினேன். எந்த அகப்பை, எதற்கு, ஒன்றும் தெரியாது. கைக்கு வந்ததை எடுத்துவந்தேன். அத்தை அதன் மரக்காம்பால் காபரேட்டர் கிண்ணத்தின் பக்கவாட்டில் டொக் டொக்கென்று தட்டினார். வழிந்ததைத் தன் முந்தானையால் துடைத்தார். மறுபடியும் சுவிட்ச். டிக்... டிக்.

நின்றது.

அந்தப் பையன் பெற்றோலைக் கூட்டிவிடுகிற சோக்கைப் பிடித்து இழுத்தான். "அத இழுக்காதப்பா! ஏற்கனவே பெற்றோல் குடிச்சி மூழ்கிக் கெடக்கு. எக்ஸலேட்டர அடிவரைக்கும் மிதிச்சிட்டு முறுக்கு!" என்றார் அத்தை.

முறுக்கினான். எஞ்சின் சுற்றியது, பிடிக்கவில்லை. திரும்பவும். பெட்டரி முனக ஆரம்பித்தது. கீழே எங்கோ சத்தம் கேட்டது. கூட்டமா, கடைக் கதவு இழுக்கிற சத்தமா தெரியவில்லை. மெயின் ரோட்டுப் பக்கம் கறுப்பாகப் புகை எழும்பியது. அத்தை புகையைப் பார்த்தார். காரைப் பார்த்தார். குனிந்து பின்சக்கரத்துக் கருங்கல்லை ரெண்டு கையாலும் இழுத்துப் போட்டார்.

"ரெண்டாங் கியர் போட்டு கிளச்ச மிதிச்சிக்க. நாங்க தள்ளுறோம். சந்துல பாதி எறங்கினதும் கால எடு. பிடிச்சா ரோட்டுல ஏறி எடது கைப் பக்கம் திருப்பு. எங்கயும் நிக்காத."

"பிடிக்காட்டி மாமி?"

பிடிக்காவிட்டால் கார் உருண்டுபோய் அந்தப் புகைக்கு நடுவில்தான் நிற்கும். அத்தைக்கும் தெரியும். பின்பக்கம் போய்க் காரில் கையை வைத்தார்.

"நீங்களும் ஏறுங்க மாமி, டீச்சரும் ஏறட்டும், எப்பிடியாச்சும்..."

"எங்கள யாரும் தேடி வர மாட்டாங்கப்பா" என்றார் அத்தை. "இந்தத் தடவ எங்க முற இல்ல."

அந்தப் பக்கம் அத்தை, இந்தப் பக்கம் நான், பின்னால் ஓடிவந்த இன்னும் ரெண்டு வீட்டுக்காரர்கள். தள்ளினோம். கார் கொட்டகையை விட்டு வெளியே வந்தது. சரிவைப் பிடித்ததும் எங்கள் கையை விட்டுப் போனது. சத்தமே இல்லாமல், ரோட்டைப் பார்த்து, வேகம் கூடிக்கொண்டே உருண்டது. குழந்தை அழுதது கேட்டது. பாதிச் சந்தில் டமார் என்று ஒரு வெடி. நான் காதைப் பொத்திக்கொண்டு கீழே உட்கார்ந்துவிட்டேன். எல்லாம் முடிந்தது, வெடித்துவிட்டது என்றே நினைத்தேன். நிமிர்ந்தபோது கார் கரும்புகை கக்கிக்கொண்டு உறுமியது. சந்து முனையில் இடது பக்கம் திரும்பி மறைந்தது.

அத்தை பையின் மேல் உட்கார்ந்தார். முந்தானை முழுக்கப் பெற்றோல். நான் கட்டிப்பிடித்துக்கொண்டேன். ரெண்டு பேரும் நடுங்கினோம். யார் யாரைப் பிடித்திருந்தோம் என்று தெரியவில்லை.

கூட்டம் எங்கள் சந்துக்கு வரவில்லை. கீழே டயர் எரித்ததோடு கலைந்துவிட்டார்கள் என்று பிறகு கேள்விப்பட்டோம். உக்குவளையிலிருந்து போன் வந்தது, உம்மாவே பேசினார். அத்தை, "சாப்பிட்டீங்களா?" என்று மட்டும் கேட்டார்.

இதோடு முடிந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

நிலைமை சரியானதும் அந்தப் பையன் காரைக் கொண்டுவந்து நிறுத்தினான். கழுவி மினுக்கியிருந்தான். கேட்காமலே மூக்கை ரோட்டுப் பக்கம் திருப்பி நிறுத்தினான். முகமெல்லாம் சிரிப்பு.

"மாமி, ஒக்காந்து பாருங்க. தாங்கி கழுவி, காபரேட்டர் கழட்டி, எல்லாம் செஞ்சிட்டேன். அந்தப் பழைய பம்ப தூக்கி பழைய இரும்புக்குப் போட்டுட்டு ஜப்பான் வேன்ட பம்ப் ஒண்ணு பூட்டி ஈக்கி. தொட்ட ஒடன ஸ்டார்ட்!"

அத்தை உட்கார்ந்தார். சாவியைப் பாதி திருப்பினார். கண்ணை மூடினார்.

ஒன்றும் கேட்கவில்லை.

"சத்தம் எங்கப்பா?"

"சத்தமே வராது மாமி. புதுசு!"

முழுசாகத் திருப்பினார். எஞ்சின் ஒரே அடியில் பிடித்தது. அத்தை அவன் தலையைத் தொட்டு, "நல்லா இருப்பா" என்றார். அவன் சந்தோஷமாகப் போனான். நன்றிக்காக அவன் செய்த காரியம். யாரைக் குறை சொல்ல முடியும்?

மறுநாள் காலையில் அத்தை கொட்டகைக்குப் போனார், வரவில்லை. பள்ளிக்கூடத்துக்கு நேரமாகிறதே என்று போய்ப் பார்த்தேன். ஸ்டியரிங்கைப் பிடித்தபடி கண்ணை மூடி உட்கார்ந்திருந்தார். சுவிட்ச் போட்டிருந்தது. அடுத்த நாளும் அப்படித்தான். அதற்கடுத்த நாளும். ஒருநாள் நான் பள்ளிக்கூடம் விட்டு வந்தபோதும் அங்கேயே இருந்தார். சேலை வியர்வையில் நனைந்திருந்தது.

"அத்தை, ஸ்டார்ட் ஆகுதுல்ல? இன்னும் என்னா வேணும்?" எனக்கு எரிச்சலும் அழுகையும் சேர்ந்து வந்தது.

"ஆகுதுடி. ஆகுது." அவர் என்னைப் பார்த்த பார்வையில் மிளகு மூட்டை அறையில் இருந்த அந்தச் சின்னப் பெண்ணே இருந்தாள். "நின்னுச்சா நிக்கலயான்னு தெரியலயே."

நான் மறுபக்கக் கதவைத் திறந்து பக்கத்துச் சீட்டில் ஏறிக்கொண்டேன். என்ன நினைத்துச் செய்தேன் என்று தெரியாது. டேஷ்போர்ட் தகட்டில் விரல் நகத்தால் தட்ட ஆரம்பித்தேன். டிக் டிக் டிக் டிக்.

அத்தை திரும்பி என்னை முறைத்தார். பைத்தியக்காரி என்று கேலி பண்ணுகிறேன் என்று நினைத்திருப்பார். பிறகு மெதுவாகக் கண்ணை மூடினார்.

"கொஞ்சம் வேகமா" என்றார்.

வேகமாகத் தட்டினேன்.

"இப்ப மெதுவா."

டிக்... டிக்... டிக்... நிறுத்தினேன்.

அத்தைக்கு மூச்சு வந்தது. "சரி, நெறஞ்சிருச்சு" என்றார். சாவியை எடுத்துக்கொண்டு இறங்கிப் போய்த் தேநீர் போட்டார்.

அதற்குப் பிறகு இதைப் பற்றி நாங்கள் ஒரு வார்த்தை பேசிக்கொண்டதில்லை. ஒவ்வொரு காலையும் நான் போய்ப் பக்கத்தில் உட்கார்ந்து தட்டுவேன். எனக்கு வேறு ஊருக்கு மாற்றல் வந்தபோது, போகிற சந்தோஷத்தை விட இதுதான் பெரிய கவலையாக இருந்தது. போன முதல் காலையிலேயே போன் அடித்தது. "ஹலோ" என்றேன். பதில் இல்லை. மூச்சு மட்டும் கேட்டது. நான் போனை மேசையில் வைத்து நகத்தால் தட்டினேன். "நெறஞ்சிருச்சு" என்று அங்கிருந்து வந்தது. போன் வைக்கப்பட்டது. கல்யாணமாகிப் போன வீட்டிலும் இதே கதை. என் வீட்டுக்காரர் முதலில் சிரித்தார். நான் நிறுத்துகிற வரைக்கும் மூச்சைப் பிடித்துக்கொண்டு இருப்பதைப் பார்த்த பிறகு சிரிப்பதை விட்டுவிட்டார்.

நாட்டில் பெற்றோல் தட்டுப்பாடு வந்து, பெற்றோல் அடிக்கிற செட் வாசலில் ஊர் முழுக்க வரிசையில் கிடந்த காலத்தில் எத்தனையோ பேர் அத்தையின் கேற்றடிக்குப் போத்தலோடு வந்தார்களாம். காரையே தூக்கிக் கொடுத்த மனுஷி ஒருவருக்கும் ஒரு சொட்டுத் தரவில்லை. எதிர்வீட்டுப் பையன்தான் போனில் சொன்னான். "எனக்கும் தரல்ல டீச்சர்" என்று சிரித்தான். "கார் வேணும்ண்டா எடுத்துட்டுப் போ, பெற்றோல மட்டும் கேக்காதங்குறாங்க."

போன வருஷம் ஒரு காலையில் போன் வரவில்லை. நானே அத்தைக்குப் போன் எடுத்தேன். மணி அடித்துக்கொண்டே இருந்தது. பிறகு எதிர்வீட்டுப் பையனுக்குப் போன் எடுத்தேன். அவன் கேற்றுக்கு மேலால் ஏறிக் குதித்து உள்ளே போனான். தூக்கத்திலேயே போயிருந்தார். ஓட வேண்டி வரவில்லை.

சாவு வீட்டில் வாசல் நிறையச் செருப்பு, எல்லாத் திசையும் பார்த்து. நான் குனிந்து ஒவ்வொன்றாகத் திருப்ப ஆரம்பித்தேன். ஏன் இந்தப் பெண்ணுக்கு இப்போது இந்த வேலை என்று யாரோ கேட்டார்கள். அந்தப் பையன் ஒன்றும் கேட்காமல் மறுபக்கத்திலிருந்து திருப்பிக்கொண்டு வந்தான்.

எல்லாம் முடிந்த மறுநாள் காலையில் சாவியை எடுத்துக்கொண்டு கொட்டகைக்குப் போனேன். டிக்கியில் அதே பை, புதுக் கிரீம் கிரெக்கர் பெட்டி. அத்தையின் இடத்தில் உட்கார்ந்து சாவியைப் பாதி திருப்பினேன். சத்தம் இல்லை. வேறென்ன செய்வதென்று தெரியாமல் நகத்தால் தட்டினேன். வேகமாகத் தட்டினேன். மெதுவாக்கினேன். இத்தனை வருஷமும் எந்த இடத்தில் நிறுத்துவது என்று நான்தான் முடிவு பண்ணுகிறேன் என்று நினைத்திருந்தேன். அப்படியில்லை. அந்தப் பக்கம் மூச்சை விட ஒரு ஆள் இருந்ததால்தான் நிறுத்த முடிந்திருக்கிறது. இப்போது விரல் மெதுவாகிறது, நிற்கவில்லை. எதிரே கேற் திறந்திருந்தது, சந்து சரிந்து இறங்கி மெயின் ரோட்டில் போய் முட்டியது. எனக்குப் பயமாக இருந்தது. தட்டிக்கொண்டே இருந்தேன்.